சராசரி நூத்தி முப்பத்தஞ்சு டிகிரி

எந்தத் தோள் சார்? வலதா?

நீங்க சொல்லவே வேண்டாம், நானே கண்டுபிடிச்சுட்டேன். மேல் பட்டன் ரெண்டும் போடாம வந்திருக்கேள். தலை வாரினது இடது கைன்னு வகிடே சொல்றது, காவேரி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போறது. உக்காருங்கோ. அந்தப் பக்கம் வேண்டாம், ஃபேன் நேரா தோள்ல அடிக்கும். இப்படி வாங்கோ.

டோக்கன் எத்தனை? பதினொண்ணா? நான் பத்து. உள்ள இப்பதான் எட்டு போயிருக்கு. ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் ஆகும், நிறைய நேரம் இருக்கு. புதுசா வரவாளுக்கு இங்க ஒண்ணும் புரியாது. என்கிட்ட கேட்டுக்கோங்கோ. நான் ஐப்பசிலேர்ந்து வரேன்.

திரைக்குப் பின்னாடி யாரோ ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறது கேக்கறதா? கணீர்னு நல்ல குரல் இல்லே? அதைப்பத்தி அப்புறம் சொல்றேன்.

என் பேர் பஞ்சாபகேசன். இந்த மாயவரத்துலேயே பொறந்து வளர்ந்தவன். கவர்மென்ட்ல ஓவர்சீயரா இருந்து ரிடையர் ஆனேன். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். ரோடு போட்டிருக்கேன், மதகு கட்டியிருக்கேன், மூணு பாலம் கட்டியிருக்கேன். என் கையால ஒரு செங்கல்லைத் தூக்கினது கிடையாது. அதான் சார் ஓவர்சீயர். நின்னு பாக்கணும், எண்ணணும், எம்-புக்ல எழுதணும். எம்-புக்னா மெஷர்மென்ட் புக். இன்னிக்கு இத்தனை அடி சுவர், இத்தனை அடி பள்ளம்னு அளந்து எழுதற புஸ்தகம். அதுல எழுதினாதான் வேலை நடந்ததா அர்த்தம். எழுதலேன்னா, பாலம் கண் முன்னாடி நின்னாலும் அது பாலம் இல்லை.

நமக்கு வந்த கதையைக் கேளுங்கோ. போன ஆவணி அவிட்டம். எல்லாரும் வரிசையா உக்காந்து பூணூல் மாத்திக்கறோம். வாத்தியார் மந்திரம் சொல்லி முடிச்சு, "போட்டுக்கோங்கோ"ன்னார். எல்லாருக்கும் பூணூல் ஏறிடுத்து. எனக்குக் கை ஏறலை. பாதி வழியில, காதுக்குப் பக்கத்துல மாட்டிண்டு நிக்கறது. வாத்தியார் பாத்துட்டு, "என்ன பஞ்சு, பேச்சுப் போட்டிக்குக் கை தூக்கறேளா?"ன்னார். சபையில ஒரே சிரிப்பு.

சரி, வாயுன்னு விட்டுட்டேன். பெருங்காயம் போட்டு மோர் குடிச்சேன். தைலம் தேய்ச்சேன், அதாவது லோகா தேய்ச்சா. லோகாம்பாள், என் ஆம்படையாள். ராத்திரி புரண்டு படுத்தா உயிர் போறது. வேஷ்டியைச் சொருகப் பின்னாடி கை போகாது. பஸ்ல பர்ஸை எடுக்க முடியாம, பக்கத்துல இருந்தவரை எடுக்கச் சொல்லி, அவரை நாலு பேர் பிக்பாக்கெட்னு பிடிச்சு, அது ஒரு தனிக் கதை.

அப்படியே தள்ளித் தள்ளிப் போட்டு, ஐப்பசில துலா ஸ்நானத்துக்குக் காவேரிக்குப் போனேன் பாருங்கோ, முங்கினேன், எழுந்தேன், தலையைத் துவட்டிக்க முடியலை. எங்க ஊர்ல முடவன் முழுக்குன்னு ஒண்ணு உண்டு, உங்களுக்குத் தெரியுமோ? ஐப்பசி பூரா எல்லாரும் குளிச்சு முடிச்சப்புறம், ஒரு நாள் தாமதமா வந்து சேர்ந்த முடவனுக்காகக் கார்த்திகை ஒண்ணாம் தேதியும் காவேரியில புண்ணியம் உண்டுன்னு சாமி குடுத்த சலுகை. டாக்டர்கிட்ட நான் போனதும் அந்தக் கணக்குலதான். நாள் தவறிப் போய்ச் சேர்ந்தேன்.

அவர் கையை இப்படித் திருகி அப்படித் திருகி, "சுகர் இருக்கா?"ன்னார். இருக்குன்னேன். "ஃப்ரோஸன் ஷோல்டர்"னார். தோள் உறைஞ்சு போச்சாம். உறையறதுக்கு இது என்ன சார், இமயமலையா? அன்னிக்கே ஆத்துக்கு வந்து ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிட்டேன். நாலு நாள் கழிச்சுதான் அந்த டாக்டர் சொன்னார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, மூட்டைச் சுத்தி இருக்கற சவ்வு இறுகிப் போறதுக்குத்தான் அந்தப் பேருன்னு. அதுக்குள்ள ரெண்டு லிட்டர் தோசை மாவு பொங்கிப் போச்சு. "மாத்திரை வலிக்குத்தான். கையை மேல ஏத்தறது எக்ஸர்சைஸ்தான். பிசியோதெரபிக்குப் போங்கோ. தினம் பண்ணணும், பொறுமை வேணும்"னார்.

போகலாம், போகாம இருக்கலாம். ஆனா எனக்குக் கெடு இருந்தது சார். தை மாசம் இருபத்தெட்டாம் தேதி.

என் தங்கை அகிலாவோட பொண்ணு ஸ்வாதிக்கு அன்னிக்குக் கல்யாணம். எங்கள்ல மாலை மாத்தறதுன்னு ஒண்ணு உண்டு. தாலி கட்டறதுக்கு முன்னாடி, பொண்ணைப் பொண்ணோட தாய்மாமாவும் பையனைப் பையனோட தாய்மாமாவும் தோள்ல தூக்கிப்பா. மேல உக்காந்தபடி ரெண்டு பேரும் மூணு தடவை மாலை மாத்திக்கணும். இந்தப் பக்கம் மாலை போட வந்தா அந்தப் பக்கத்து மாமா பின்னாடி நகர்ந்துடுவார். ஒரே கூத்தா இருக்கும். பொண்ணுக்குத் தாய்மாமா யாரு? நான். ஒரே மாமா. தோள் எது? இது.

இதுல இன்னொரு சங்கடம் உண்டு. அகிலாவோட கல்யாணத்துல எங்க மாமாவுக்கு முதல் நாள் இடுப்பு பிடிச்சுடுத்து. அவளைத் தூக்க ஆள் இல்லாம, பாவம், தரையில நின்னே மாலை மாத்தினா. மாப்பிள்ளை மேல இருக்கார், இவ கீழே நின்னு எம்பி எம்பிப் போடறா. அவ மாமியார் அதை வெச்சே முப்பத்திரண்டு வருஷம் பேசினா. "தரையில நின்னு மாலை போட்டவதானே நீ." ரசத்துல உப்பு தூக்கலா இருந்தாலும் அதே வார்த்தை, குழந்தைக்கு ஜுரம் வந்தாலும் அதே வார்த்தை. அகிலா ஃபோன் பண்ணினா. "அண்ணா, என் பொண்ணு தரையில நிக்கக் கூடாது. நீ தூக்கணும். சத்தியம் பண்ணு." பண்ணிட்டேன் சார். வலது கையை நீட்டித்தான் சத்தியம் பண்ணணும், அது அவ்வளவு தூரம் நீண்டது. ஃபோன்ல என்ன தெரியப்போறது? தோள் சமாசாரத்தைச் சொல்லவேயில்லை. மாமாவா லட்சணமா, "அது ஒரு விஷயமா?"ன்னு ஒரு வார்த்தையும் சேத்துச் சொன்னேன்.

உடனே இங்க வந்து சேர்ந்தேன். இந்த பிசியோ இருக்காளே, ஜெனிட்டான்னு பேரு. சின்னப் பொண்ணு, சிரிச்ச முகம், கை மட்டும் இரும்பு. முதல்ல தோளுக்குச் சூடு வெப்பா. அதுவரைக்கும் சொர்க்கம். அப்புறம் ஒரு மெஷினை ஒட்டுவா, எறும்பு ஊர்றாப்பல இருக்கும். அதுவும் பரவாயில்லை. அதுக்கப்புறம் கையைப் பிடிச்சு, "மாமா, லேசா வலிக்கும்"பா. அவ லேசுங்கறதும் நம்ம லேசுங்கறதும் வேற வேற சார், இப்பவே சொல்லி வைக்கறேன். அங்க சுவத்துல சின்ன மர ஏணி மாட்டியிருக்கே, அதுல விரலால படிப்படியா ஏறணும். அந்த உருளையில கயிறு தொங்கறதே, கிணத்துல தண்ணி இழுக்கறாப்பல நல்ல கையால இழுத்துக் கெட்ட கையை மேல கொண்டு போகணும்.

முதல் நாள் கோணமானி மாதிரி ஒண்ணை வெச்சு அளந்தா. எம்பது டிகிரி. எனக்கு ரொம்பத் திருப்தி. அளக்கறவா மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு. அப்புறம் லோகாவைப் பாத்துச் சொன்னா: "மாமி, இங்க நான் செய்யறது கால்வாசிதான். முக்கால்வாசி வீட்ல. தினம் மூணு வேளை, ஒவ்வொண்ணும் பத்துத் தடவை. நீங்களும் நல்லா பாத்துக்கோங்க. வீட்ல செஞ்சு காட்டி, மாமாவைச் செய்ய வையுங்க."

இதுல சந்தேகத்துக்கு இடமே இல்லை. செஞ்சு காட்டறது லோகா வேலைன்னு அந்தப் பொண்ணே பிரிச்சுக் குடுத்துட்டா.

மறுநாள் காலம்பற காபி ஆனதும் ஹால்ல ஆரம்பிச்சோம். முதல் அயிட்டம், சொம்புல தண்ணி எடுத்துண்டு, குனிஞ்சு, கையைத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டணும். லோகா பத்து ஆட்டிக் காட்டினா. ஒரு சொட்டு சிந்தலை. "இப்ப நீங்க"ன்னா. ரெண்டு ஆட்டினேன். ஐயோ அப்பா, தோள்ல கத்தியைச் சொருகினாப்பல! சொம்பு போய் டிவி ஸ்டாண்டுல விழுந்தது. சரி லோகா, நீ இன்னொரு தடவை காட்டு, நான் சரியா கவனிக்கலைன்னேன். காட்டினா. இன்னும் கொஞ்சம் முழங்கையை நேரா வெச்சுக் காட்டுன்னேன். காட்டினா. நன்னா இருந்தது. எம்-புக் ஒண்ணு புதுசா போட்டேன். தேதி, காலை, பெண்டுலம் பத்து, சரி. கையெழுத்து.

அப்படியே பழகிடுத்து சார். மூணு வேளையும் அவ பண்ணுவா, நான் எண்ணுவேன். தப்பு இருந்தா திருத்துவேன். எண்ணறது சுலபம்னு நினைக்காதேங்கோ. எட்டுக்கு அப்புறம் கவனம் சிதறும். ஒரு நாள் ஏழோட தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா அவ பாட்டுக்குப் பண்ணிண்டிருக்கா. எத்தனைன்னேன். முப்பத்திரண்டுன்னா. எழுதிண்டேன்.

நானும் சும்மா இல்லை. எனக்கு வலி ஜாஸ்தி. வலி யாருக்குங்கறதையும் பாக்கணும் இல்லையா? வலிக்கறவன் ஒருத்தன், உழைக்கறவ ஒருத்தி. பாரத்தைப் பிரிச்சுக்கறதுக்குத்தானே குடும்பம்?

அந்த மூணு மாசம் நான் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. இருபது லிட்டர் வாட்டர் கேன் கீழேயே வெச்சுட்டுப் போவான், மாடிக்கு வரணும். முன்னாடி நான்தான் தூக்குவேன். இப்ப லோகா தூக்கிண்டு வரணும், நான் மேலேர்ந்து "படி பாத்து, படி பாத்து"ன்னு கத்தணும். தொண்டை கட்டிப் போச்சு. கேஸ் சிலிண்டரை உருட்டணும், மெத்தையை வெயில்ல போடணும், பரண்லேர்ந்து பொங்கல் பானை இறக்கணும். எல்லாத்துக்கும் நான் நிக்க வேண்டியிருந்தது. ஒரு கையை வெச்சுண்டு எத்தனைதான் சார் நிக்கறது?

ஆனா முன்னேற்றம் இருந்ததே, அதைச் சொல்லணும்! ஹால் சுவத்துல விரலால நண்டு மாதிரி ஏறணும்னு ஒரு அயிட்டம். எட்டின இடத்துல நான் பென்சிலால கோடு போட்டுத் தேதி எழுதுவேன். முதல் வாரம் காலண்டர்ல பிள்ளையார் காலடி. அடுத்த வாரம் தொப்பை. கார்த்திகைக்குள்ள கிரீடம். மார்கழியில ஆணியைத் தாண்டியாச்சு. தை பொறந்த அன்னிக்கு லோகா சுவர்க் கடிகாரத்தைத் தொட்டுட்டா. அது ரெண்டு வருஷமா பத்து நிமிஷம் பின்னாடி ஓடிண்டிருந்தது. ஸ்டூல் இல்லாமலே எட்டி முள்ளைத் திருப்பி வெச்சா. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. எழுதினேன்: தை ஒண்ணு, ஆறடி எட்டு அங்குலம், கடிகாரம் சரி செய்யப்பட்டது.

இங்க வாரம் ரெண்டு நாள் வருவேன். ஜெனிட்டா அளப்பா. எம்பது. எம்பத்தஞ்சு. திருப்பி எம்பத்தஞ்சு. அவளுக்கு ஒண்ணும் புரியலை. "வீட்ல பண்றீங்களா மாமா?"ம்பா. "தினம் மூணு வேளை, ஒரு நாள் தவறலை"ம்பேன். இதுல என்ன பொய் இருக்கு? ஆத்துல நடந்ததா இல்லையா? நடந்தது. எம்-புக்கைக் காட்டுவேன். அவ பக்கம் பக்கமா புரட்டிப் பாத்துட்டு, "மாமா, வீட்ல ஆறடிக்கு மேல எட்டறீங்க. இங்க கை கண்ணு வரைக்கும்கூட வரலையே?"ன்னா. "ஆத்துச் சுவர் பழகின சுவர் இல்லையா?"ன்னேன். லோகா பக்கத்துல உக்காந்துண்டு புடவைத் தலைப்பை வாயில வெச்சுண்டிருந்தா. ஏதோ இருமல் போலிருக்குன்னு நினைச்சேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ஜெனிட்டா, "மாமா, வீட்ல பண்ற மாதிரியே அப்படியே இங்க பண்ணிக் காட்டுங்க"ன்னா. சரின்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன், பேனாவைத் திறந்தேன், "லோகா, ஆரம்பி"ன்னேன்.

அந்தப் பொண்ணு சிரிச்சா பாருங்கோ. படிச்ச பொண்ணு அப்படிச் சிரிக்கலாமோ? சுவத்தைப் பிடிச்சுண்டு சிரிச்சா, கண்ணைத் துடைச்சுண்டு சிரிச்சா, வெளில உக்காந்திருந்த பேஷண்டெல்லாம் எட்டிப் பாத்தா. அப்புறம் லோகாவோட கையைத் தூக்கச் சொல்லி அளந்தா. நூத்தி எம்பது டிகிரி. சுளையா. "மாமா, உங்க வைத்தியத்துல உங்க வீட்ல யாருக்கோ ரொம்ப நல்லா ஆயிடுச்சு"ன்னா.

நான் விடலை. கணக்குப் போட்டேன். அன்னிக்கு எனக்குத் தொண்ணூறு, அவளுக்கு நூத்தி எம்பது. குடும்பத்துக்கு மொத்தம் இருநூத்தி எழுபது. சராசரி நூத்தி முப்பத்தஞ்சு டிகிரி. மோசமில்லையேம்மான்னு கேட்டேன். அவ திருப்பியும் சிரிக்க ஆரம்பிச்சுட்டா.

அன்னிக்குத் திரும்பி வரச்சே ஆட்டோல லோகா சொன்னா, "எனக்குக் கழுத்துவலியும் போயிடுத்து"ன்னு. உனக்கு எப்ப கழுத்துவலி இருந்ததுன்னேன். நாலு வருஷமா இருந்துதாம். தினம் சொன்னாளாம். எனக்கு ஞாபகமில்லை. எழுதி வெச்சிருந்தா ஞாபகம் இருந்திருக்கும். அவளும் எழுதலை, நானும் எழுதலை.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். இருபத்தெட்டாம் தேதி, காசியாத்திரை முடிஞ்சது. "மாமாக்களெல்லாம் வாங்கோ, மாலை மாத்தணும்"னு வாத்தியார் கூப்பிட்டார். பையனோட மாமா புனேலேர்ந்து வந்திருந்தார். ராமசேஷன்னு பேரு. ஆறடி ஒசரம், கழுத்து எங்க முடியறது தோள் எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாத ஆள். மாப்பிள்ளையைக் கறிகாய்ப் பை மாதிரி தூக்கித் தோள்ல வெச்சுண்டு நிக்கறார். நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பிச்சாச்சு.

நான் போனேன். ஸ்வாதி மாலையும் கையுமா நிக்கறா. "மாமா, ரெடியா?"ன்னா. ரெடிடீன்னேன். வாய்க்கென்ன, அது உறையலையே. குனிஞ்சேன். இடது கை போயிடுத்து. வலது கையை ஏத்தினேன். தொண்ணூறு வந்தது. அங்கேயே நின்னுடுத்து, டிராஃபிக் போலீஸ் மாதிரி. மாப்பிள்ளையாத்துல ஒரு குழந்தை அந்தப் பக்கம் ஓடிண்டிருந்தது, நான் நிறுத்தறேன்னு நினைச்சு அதுவும் நின்னுடுத்து. பல்லைக் கடிச்சுண்டு இன்னொரு தடவை ஏத்தினேன். கண்ணெல்லாம் இருட்டிண்டு வந்தது.

அப்ப பின்னாடி ஒரு குரல். அகிலாவோட நாத்தனாரா, வேற யாரான்னு தெரியலை. "பொண்ணும் அம்மா மாதிரி தரையிலதானா?"ன்னு.

அகிலா என்னைப் பாத்தா. கோவிச்சுண்டிருந்தாக்கூடப் பரவாயில்லை சார். கோவமே இல்லை. சின்ன வயசுல அவ பம்பரத்தை நான் தொலைச்சப்ப சாட்டையை மட்டும் கையில வெச்சுண்டு நின்னாளே, அதே முகம். எனக்கு அழுகை வந்துடுத்து. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அத்தனை பேர் நடுவுல, பட்டு வேஷ்டி கட்டிண்டு, அம்பத்தொம்பது வயசுல அழுதேன்.

லோகா கையில சீர்த்தட்டு வெச்சுண்டிருந்தா. அதைக் கொண்டுபோய் அகிலா கையில குடுத்தா. மடிசாரை இழுத்துச் சொருகிண்டா. "கொஞ்சம் நகருங்கோ"ன்னா என்னை.

ஸ்வாதி பயந்துட்டா. "மாமி, வேண்டாம், நான் அறுபத்தோரு கிலோ!"

"மூணு வாட்டர் கேன்தானேடி"ன்னா லோகா.

வாத்தியார் குறுக்க வந்தார். "மாமாதானே தூக்கணும்?"னு இழுத்தார். "மாமாவுல பாதி நான்னு நீங்கதானே எங்க கல்யாணத்துல மந்திரம் சொன்னேள்? அந்தப் பாதிக்குத்தான் இப்ப கை ஏறறது"ன்னா. அவர் "பேஷா தூக்குங்கோ"ன்னுட்டு நகர்ந்துட்டார்.

தூக்கினா சார்! முழங்காலை மடக்கிக் குனிஞ்சு, தொடையோட சேத்து அணைச்சு, ஒரே தூக்கு. ஸ்வாதி போய்த் தோள்ல உக்காந்துட்டா. சத்திரமே எழுந்து நின்னுடுத்து. ராமசேஷன் வழக்கம்போலப் பின்னாடி நகர்ந்தார். இவ விடலை, துரத்தினா. மணமேடையைச் சுத்தி ஒரு சுத்து, ஊஞ்சலைச் சுத்தி ஒரு சுத்து. நாதஸ்வரக்காரர் வாசிப்பைக் கூட்டிண்டே போறார். மூணாவது சுத்துல புனேக்காரர் தூணைப் பிடிச்சுண்டு, "போதும் மாமி, போடச் சொல்லுங்கோ"ன்னு கெஞ்சறார். மேலேர்ந்து ஸ்வாதி, கிரீடம் வெக்கறாப்பல நிதானமா மூணு தடவையும் மாலை போட்டா.

நான் என்ன பண்ணினேனா? எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. சத்தமா எண்ணினேன்.

எறக்கி விட்டதும் அகிலா ஓடிவந்து "மன்னி, மன்னி"ன்னு லோகாவைக் கட்டிண்டு அழறா. என்னைப் பாத்து ஒரு தலையாட்டல் கிடையாது. மூணு மாசம் மேற்பார்வை யாரு? அதைக் கேக்க ஆள் இல்லை. பரவாயில்லை, விடுங்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன் சார். அவ அப்படித் தூக்கிண்டு நின்னப்ப, எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. மூணு பாலம் கட்டித் திறந்து வெச்சவன் நான். ஒண்ணுக்கும் அப்படி நிறைஞ்சதில்லை. இதுவரைக்கும் அவகிட்ட சொல்லலை. எம்-புக்ல எழுதியிருக்கேன்: தை இருபத்தெட்டு, அறுபத்தோரு கிலோ, மூணு சுத்து, மிக நன்று. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல எவனுக்கும் நான் மிக நன்று போட்டது கிடையாது.

அதோட முடிஞ்சிருந்தா நன்னா இருந்திருக்கும். கல்யாணத்துக்கு இந்த ஜெனிட்டாவையும் கூப்பிட்டிருந்தோம். அவ முதல் வரிசையில உக்காந்து பாத்துட்டா. மறுவாரமே, "மாமி, லேடீஸ் பேஷண்ட்ஸ் நிறைய வராங்க. எக்ஸர்சைஸ் பண்ண வைக்க எனக்குக் கூட ஒரு ஆள் வேணும். வரீங்களா?"ன்னு கேட்டா. இவளும் சரின்னுட்டா. என்னைக் கேக்கலை. கேட்டாளாம், நான்தான் பேப்பர் படிச்சுண்டு "ம்"னேனாம்.

இப்பக் காலம்பற ஒம்பது மணிக்கே கிளம்பிடறா. ஆத்துல எக்ஸர்சைஸ் நின்னு போச்சு. யார் பண்றது? எம்-புக் ரெண்டு வாரமா காலி. தொண்ணூறுல இருந்த கை திருப்பி எம்பதுக்கு வந்துடுத்து. பாத்தேளா, எக்ஸர்சைஸை நிறுத்தினா உடனே தெரியறது! அதனாலதான் சொல்றேன், புது ஆள் நீங்க, ஒரு நாள்கூட விடாதேங்கோ. ஆத்துல யாரு இருக்கா? மாமி இருக்காளா? நல்ல திடகாத்திரமா இருக்காளா? அப்பக் கவலையே இல்லை.

ஆமாம் சார், அந்தக் குரல்தான். இவ்வளவு நேரம் உள்ள எண்ணிண்டிருக்காளே, அது லோகாதான். எங்கேர்ந்து கத்துண்டான்னு நினைக்கறேள்? எட்டுக்கு அப்புறம் சுருதி எறங்காம எண்ணறா பாருங்கோ. நம்ம டிரெயினிங்.

டோக்கன் பத்தா? நான்தான், நான்தான். இதோ வரேன். சார், இந்தக் குடையைக் கொஞ்சம் பாத்துக்கோங்கோ. எம்-புக் எங்க? இதோ இருக்கு. பேனா?

என்ன லோகா? புஸ்தகத்தை உள்ள கொண்டுவரப்படாதா? பேனாவும் கூடாதா? சரி சரி, கோச்சுக்காதே, எல்லார் முன்னாடியும் என்ன இது. சார், இதையும் வெச்சுக்கோங்கோ. பக்கம் மடங்காம பாத்துக்கோங்கோ. நாற்காலியை எங்க எடுத்துண்டு போறே? எனக்கு நாற்காலி கிடையாதா? இன்னிலேர்ந்து எண்ணறது நீயா?

பேஷா எண்ணு. எனக்கென்ன?

அப்போ பண்றது யாரு?